கணக்கில் சேர்க்காத புள்ளி

தேவாலாவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றின் பின்புறம் ஒரு பெரிய கல் இருந்தது. அதன் தலையில் சுண்டுவிரல் தடிமனில் ஓர் எஃகுக் கம்பியைப் பதித்திருந்தோம். அந்தக் கம்பி வருடத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது என் வேலை. நகர்ந்தது. அளந்தேன். பிறகு அந்த அளவு எங்கள் வேலைக்கு உதவாது என்று கணக்கிலிருந்து தூக்கிவிட்டேன். கல்லுக்கு நேர் கீழே இருந்த வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் குடியிருந்தார்கள். மலை சரிந்து கணவர் போன பிறகு, நான் இப்படிச் செய்தேன் என்று அந்த மனைவியிடம் நேரில் போய்ச் சொல்ல எனக்கு நாற்பது நாள் பிடித்தது.

நாற்பது நாளும் வேலை இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டு ஊட்டியில் உட்கார்ந்திருந்தேன்.

என் உத்தியோகத்தைக் கேட்டால் யாருக்கும் முதலில் சிரிப்புதான் வரும். மார்க்கெட்டில் நான் காய் வாங்கும் கடைக்காரர் ஒரு நாள், "ஏனுங்க, நீங்க என்னதான் வேலை பாக்கறீங்க?" என்றார். இந்தியா நகர்வதை அளக்கிறேன் என்றேன். அவர் தராசிலிருந்த பீன்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப எங்க கடை நேத்து இருந்த எடத்துல இல்லீங்களா?" இல்லை என்றேன். "எங்கூட்டுக்காரிகிட்ட வந்து சொல்லுங்க. கடைய வுட்டு நகரவே மாட்டீங்கறீங்கன்னு தெனமும் சண்டைக்கு வர்றா" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். கைபேசியில் வழி காட்டுகிறதே, அதே செயற்கைக்கோள்கள்தான் எங்களுக்கும். கைபேசிக்கு நீங்கள் தெருவின் இந்தப் பக்கம் நிற்கிறீர்களா அந்தப் பக்கம் நிற்கிறீர்களா என்பதே சில சமயம் தெரியாது. எங்கள் ஆன்டெனா ஒரே இடத்தில் ஐந்து நாள் அசையாமல் உட்கார்ந்து கேட்டால், தான் இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லும். அடுத்த வருடம் அதே மாதம், அதே கம்பியின் மேல் கொண்டுபோய் வைத்து இன்னொரு ஐந்து நாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிலம் நகர்ந்த தூரம். இந்தியா மொத்தமும், அடியிலுள்ள பாறைத் தட்டோடு சேர்ந்து, வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. ஊட்டி போகிறது, கோயம்புத்தூர் போகிறது, நாமும் போகிறோம். எல்லாம் சேர்ந்து போவதால் ஒருவருக்கும் தெரிவதில்லை.

நீலகிரி முழுக்க ஒரே சீராகப் போகிறதா, அல்லது மலைக்குள்ளேயே ஏதாவது ஒரு பக்கம் முந்துகிறதா, பிந்துகிறதா என்று பார்க்க ஐந்து இடங்களில் கம்பி பதித்தோம். அவற்றைப் புள்ளி என்போம். கிளென்மார்கனில் ஒரு வழுக்குப் பாறையின் மேல் இருந்தது முதல் புள்ளி. நல்ல பிள்ளை, ஒரு நாளும் எங்களைப் படுத்தியதில்லை. தேவாலா கடைசிப் புள்ளி.

நான் கோபக்காரி. வீட்டில் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். குக்கர் விசில் அடங்கும்வரை காத்திருக்கும் பொறுமைகூட எனக்குக் கிடையாது. ஆனால் ட்ரைபாட்டை நிமிர்த்த ஒன்றரை மணி நேரம் ஆனாலும் நிமிர்த்துவேன். மூன்று காலையும் ஊன்றி, மட்டம் காட்டும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, அடியிலுள்ள சிறு கண்ணாடி வழியாகப் பார்த்தால் கம்பியின் தலையில் குத்தியிருக்கும் புள்ளி தெரியும். ஆன்டெனாவின் நடு அந்தப் புள்ளிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பிறகு கம்பியிலிருந்து ஆன்டெனாவின் விளிம்புக்கு மூன்று பக்கமும் டேப் பிடித்து உயரம் எடுத்து, மூன்றையும் பதிவுத்தாளில் எழுத வேண்டும். மூன்றும் ஒத்துவராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஜீப் டிரைவர் ஒரு தடவை, "ஒரு மில்லிமீட்டர்தானுங்களே மேடம்" என்றார். அன்று சாயங்காலம் வரை அவரோடு நான் பேசவில்லை.

தேவாலாவில் இடம் தேடி சாரும் நானும் இரண்டு நாள் அலைந்தோம். சார் என்றால் எங்கள் திட்டத்தின் தலைவர், கோயம்புத்தூர்க்காரர், பாறைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. அந்தப் பக்கம் வானம் திறந்த இடம் கிடைப்பது கஷ்டம். எங்கு பார்த்தாலும் சில்வர் ஓக்கும் பலா மரமும் மறைக்கும். இந்தக் கல் இருந்த இடத்தில் நாலு திசையும் வெளிச்சமாக இருந்தது. இடுப்பு உயரத்துக்கு மண்ணுக்கு மேலே நின்றது, மேலே இரண்டு பேர் படுக்கலாம். சார் சுத்தியலால் நாலு இடத்தில் தட்டினார். கணீரென்று கேட்டது. "தாய்ப்பாறைதான், போட்டுரலாம்மா" என்றார். மலையின் அடிவரை ஒரே பாறையாக இறங்குவதைத்தான் நாங்கள் தாய்ப்பாறை என்போம். பதிவுத்தாளில் பாறை வகை என்ற இடத்தில் அந்த வார்த்தையை நான்தான் எழுதினேன்.

கல்லுக்கு இருபது அடி கீழே பழைய லைன், நாலு வீடு. மூன்று காலி. அங்கிருந்தவர்கள் பனியன் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். கடைசி வீட்டில் மட்டும் அந்தக் கணவனும் மனைவியும், எனக்கு அண்ணனும் அக்காவும். அக்கா கொழுந்து எடுப்பவர், அண்ணனுக்கு எஸ்டேட் பேக்டரியில் வேலை. இரண்டு பேருடைய பெற்றோரும் சிலோனிலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர்கள். இவர்கள் பிறந்தது இங்கேதான் என்றாலும் பேச்சில் அந்த ஊர் இருந்தது. லைன் வீட்டை லயம் என்பார்கள், முடியாது என்பதற்கு ஏலாது என்பார்கள். ஆன்டெனா ஐந்து நாள் தனியாக நிற்கும்போது மாடு முட்டாமல், ஆள் தொடாமல் பார்த்துக்கொள்ள அவர்களைக் கேட்டோம். ஆன்டெனாவின் வெள்ளை மூடியைப் பார்த்து அண்ணன் அதற்குச் சட்டி என்று பேர் வைத்தார். "சட்டிய நான் பாத்துக்கிறேன் மேடம். நீங்க ரூமுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க" என்பார்.

இரண்டாம் வருடம் நான் போய் இறங்கியதும் அண்ணன் வாசலிலேயே கேட்டார்: "என்னா மேடம், எங்க லயம் எவ்வளவு தூரம் போயிருக்கு?" நான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன். "இவ்ளோதானா? சம்பள நாள்ல நான் வீட்டுக்கு வர்ற வேகமே பரவால்ல போல" என்றார். பிறகு டீ குடிக்கும்போது, "சிலோனும் கூட வருதா?" என்று கேட்டார்.

"வருதுங்கண்ணா. நமக்கும் அதுக்கும் அடியில ஒரே தட்டுதான். ரெண்டும் சேந்துதான் போகுது."

"அப்போ அடியில பிரிவு ஒண்ணும் இல்லேங்கிறீங்க" என்றார். "எங்கப்பா கப்பல்ல அழுதுகிட்டே வந்தாராம். அவருக்கு இது தெரியாமப் போச்சு."

அக்கா, "டீ ஆறுது, குடிங்க" என்று அவரை அதட்டினார். நானும் டீயைக் குடித்தேன்.

கல்லைப் பற்றி அக்கா சொன்னதும் அந்த வருடம்தான். நான் மூன்றாவது தடவையாக ட்ரைபாட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்று, "மேடம், இந்தக் கல்லுக்கு அடியில மண்ணுதான் இருக்கு. அடுப்படிக்குப் பின்னால தண்ணி போக வாய்க்கா வெட்டுறப்போ பாத்தோம். கைய விட்டா உள்ள போகுது" என்றார்.

நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, இது பாறைங்க. எங்க சார் தட்டிப் பாத்துட்டாரு. நடுவுல பேசாதீங்க, குமிழி ஓடுது."

பேச்சுக்கெல்லாம் குமிழி ஓடாது. எனக்கு எரிச்சல், அவ்வளவுதான். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

இத்தனைக்கும் நீலகிரி மண் எப்படிப்பட்டது என்று பாடத்தில் படித்தவள் நான். பாறை காலகாலமாக உளுத்து மண்ணாகும்போது, நடுவில் உளுக்காத உருண்டைகள் அந்த மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், பாயசத்தில் முந்திரி கிடப்பது போல. அப்படி ஓர் உருண்டை தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சுத்தியலால் தட்டும்போது அதுவும் கணீரென்றுதான் கேட்கும். அதன் அடி எங்கே முடிகிறது என்பதைச் சுத்தியலால் கண்டுபிடிக்க முடியாது. வாய்க்கால் வெட்டியவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் வருடக் கணக்கில் நாலு புள்ளிகள் ஒரே திசையில், ஒரே அளவில் போயிருந்தன. தேவாலாவும் கூடத்தான் போயிருந்தது. ஆனால் மற்ற நாலும் போனதைவிட ஓர் அரிசி நீளம் தென்மேற்கே தள்ளி நின்றது. கல்லிலிருந்து பார்த்தால் அந்த வீடு இருப்பது தென்மேற்கில்.

என் சந்தேகம் என் மேல்தான் போயிற்று. ட்ரைபாட்டின் கண்ணாடி கோணலாகி இருக்குமோ என்று அலுவலகத் தரையில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிச் சோதித்தேன். சரியாக இருந்தது. அப்படியானால் நான்தான் நடுப்புள்ளியைத் தவறவிட்டிருக்கிறேன் என்று முடிவு கட்டினேன். ஒரு வாரம் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல் நகர்ந்திருக்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தாய்ப்பாறை என்று எழுதியாகிவிட்டதே.

நாலாம் வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தேன். மூன்று உயரத்தையும் காலையிலும் மாலையிலும் எடுத்தேன். தினமும் ஏறி நடுப்புள்ளியைச் சரிபார்த்தேன். அண்ணன் கீழே நின்று, "சட்டி எங்கயும் ஓடல மேடம், நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று கேலி செய்தார். ஒரு தப்பும் இல்லை. கணக்கு வந்தபோது தேவாலா இன்னும் இரண்டு அரிசி நீளம் தள்ளியிருந்தது. அதே தென்மேற்கு.

தாள்களை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். சார் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, ஒண்ணு நீ தப்பா வெச்சிருக்கோணும், இல்லாட்டி அந்தக் கல்லு தப்பு. ரெண்டுல எதுவா இருந்தாலும் அந்தப் புள்ளி நமக்கு ஆவாது. எடுத்துரு."

"நான் தப்பா வெக்கலீங்க சார். தெனமும் பாத்தேன்."

"அப்ப கல்லுதான். மேல் மண்ணு லேசா எறங்குது, உள்ளூர் அசைவு. தட்டு நகர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அவர் சொன்னது அத்தனையும் சரி. தப்பு என்னுடையதல்ல என்று தெரிந்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. மேற்கொண்டு எதுவும் காதில் ஏறவில்லை. திரும்பி வரும்போது பர்லியாறில் பஸ் நின்றது, மங்குஸ்தான் வாங்கி ஊட்டி வரைக்கும் தின்றுகொண்டே வந்தேன். மறுநாள் அலுவலகத்தில் தேவாலாவுக்கு எதிரே, குறிப்பு என்ற கட்டத்தில், "உள்ளூர் அசைவு. கணக்கில் சேர்க்கவில்லை" என்று எழுதினேன். அந்த வருட அறிக்கையில் நீலகிரி வரைபடத்தின் மேல் நாலு அம்புக்குறிகள் ஒரே திசையில் ஒரே நீளத்தில் நின்றன. பார்க்க லட்சணமாக இருந்தது.

அந்த நாலு வார்த்தையை எழுதும்போது என் மனதில் கல் இருந்தது, கம்பி இருந்தது, வீடு இல்லை. நாலு வருடம் அந்த வீட்டில் டீ குடித்தவள் நான். அவர்கள் காய்ச்சிய கஞ்சியைக் குடித்திருக்கிறேன், உச்சி வெயிலுக்கு அவர்கள் அடுப்படியில் ஒதுங்கியிருக்கிறேன். உள்ளூர் என்று எழுதியபோது அங்கே இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் வெறுப்பு வருகிறது.

ஐந்தாம் வருடம் பிப்ரவரியில் நாங்கள் தேவாலாவுக்குப் போகவில்லை. அக்கா போன் செய்தார்.

"என்னா மேடம், இந்த வருசம் சட்டியக் கொண்டாரலையா? அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அந்தப் புள்ளி இனி வேண்டாமுங்கக்கா."

"ஏன் மேடம், நாங்க சரியாப் பாத்துக்கலையா?"

"அதெல்லாம் இல்லீங்க. ஆபீஸ்ல மாத்திட்டாங்க."

எனக்கு வேறு வேலை இருந்தது. போனை வைக்கப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "அடுப்படிக் கதவு சாத்த ஏலல மேடம், மேல முட்டுது. நீங்க வந்தா உங்க குமிழிய வச்சுப் பாக்கச் சொல்லலாம்னு இருந்தேன்" என்று சிரித்தார்.

"மரம் ஈரத்துல ஊதியிருக்கும். கொஞ்சம் எழைச்சு விடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பிப்ரவரியில் தேவாலாவில் மரம் ஊதாது. காய்ந்து சுருங்கும். அந்தக் குளிர் காலத்து வெயிலில் நாலு வருடம் என் உதடு வெடித்திருக்கிறது. ஒரே ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும். வீட்டின் கதவு நிலை கோணுகிறது என்றால் வீட்டுக்கு அடியில் இருப்பது கோணுகிறது என்று எனக்குப் புரிந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

ஆகஸ்டில் மழை பிடித்தது. அந்தப் பக்கத்து மழையைப் பார்த்தவர்களுக்கு ஊட்டி மழையெல்லாம் தூறல். எட்டு நாள் விடாமல் ஊற்றியது. ஒன்பதாம் நாள் மத்தியானம் டிவியில் கீழே ஓடும் எழுத்தில் அந்த எஸ்டேட்டின் பேர் போயிற்று. அக்காவின் எண்ணுக்கு அடித்தேன், போகவில்லை. எங்கள் டிரைவரின் சொந்தக்காரர் ஒருவர் தேவாலாவில் இருந்தார். அவர் மூலம் மறுநாள்தான் நடந்தது தெரிந்தது.

மழை என்றாலும் கொழுந்து எடுக்கப் போகத்தான் வேண்டும். அக்கா இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, தலைக்கு பிளாஸ்டிக் தாள் போட்டுக்கொண்டு ஏழரைக்குக் கிளம்பியிருக்கிறார். அண்ணன் பேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். பத்து மணி வாக்கில் கல்லோடு சேர்ந்து அந்தச் சரிவு முழுவதும் இறங்கிவிட்டது. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்த பெண்களுக்கு, லயத்தின் தகரக்கூரை ஒரு தடவை எழும்பி விழுந்தது மட்டும் தெரிந்திருக்கிறது. சாயங்காலம் அவரை வெளியே எடுத்தார்கள். போர்வையோடு கிடந்தாராம்.

சார் போன் செய்தார். அவர் குரலும் உடைந்திருந்தது. "நீ எங்கயும் போய் ஒண்ணும் பேசிட்டு இருக்காதம்மா. நாம அதுக்காக அளக்கலை. அந்த அளவ வெச்சு எப்பச் சரியும்னு யாராலயும் சொல்லியிருக்க முடியாது."

பழைய கோப்பைத் திறந்தேன். எடுத்துப்போட்டதைத் திரும்பச் சேர்த்தேன். கிளென்மார்கன் போன தூரத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வரைந்து பார்த்தேன். நாலு வருடத்துக்கு நாலு பொட்டு. முதல் இரண்டும் ஒரே மட்டத்தில். மூன்றாவது கொஞ்சம் இறங்கி. நாலாவது நன்றாக இறங்கி. நாடே ஐந்து சென்டிமீட்டர் நகர்கிறது, யார் வீட்டிலும் ஒரு டம்ளர்த் தண்ணீர் சிந்துவதில்லை. இங்கே மூன்று அரிசி நீளம் நகர்ந்ததற்கு ஒரு மனிதர் போய்விட்டார். எந்த நாள் சரியும் என்று அந்தத் தாளால் சொல்லியிருக்க முடியாதுதான், சார் சொன்னது உண்மை. ஆனால் எந்த வீடு என்று அதில் எழுதியிருந்தது. மழை முடியும்வரை அங்கே படுக்காதீர்கள் என்று ஒரு போனில் சொல்லியிருக்கலாம். அவர்கள் கேட்டிருப்பார்களோ மாட்டார்களோ, அது வேறு. சொல்லியிருக்கலாம்.

எங்கள் பதிவுத்தாளில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. புள்ளிக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கும் வரி. சேர்த்தது நான்தான். கணக்கில் வராத அளவு என்று எதைத் தூக்கினாலும், முதலில் தாலுக்கா ஆபீசுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுத்தான் தூக்குகிறேன். அங்கே படிக்கிறார்களா என்று தெரியாது. படிக்கும்வரை போய்க் கத்துகிறேன். என் கோபத்துக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

சரிவு நடந்த நாற்பதாம் நாள் ஊட்டியிலிருந்து கூடலூர் போய், அங்கிருந்து தேவாலா பஸ் ஏறினேன். ஆபீஸ் ஜீப்பில் போய் இறங்க மனம் வரவில்லை. மழை விட்டிருந்தது. எஸ்டேட் ரோட்டில் நடந்தால் முதலில் தெரிவது அந்தச் சரிவு. பச்சைக்கு நடுவே உரித்த மாதிரி செம்மண். லயம் இருந்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. கல் கீழே தேயிலைக்குள் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடிப்பக்கம் பானை மாதிரி உருண்டையாக இருந்தது, ஈர மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சரிவின் விளிம்பில், இன்னும் மேலே, இன்னொரு லயம் தெரிந்தது. கொடியில் துணி காய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கடந்து போனேன்.

பேக்டரிக்குப் பக்கத்தில் அக்காவுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். திருப்பூரில் வேலைக்கு இருக்கும் அவருடைய பிள்ளைகள் வந்து, காரியம் முடிந்து திரும்பியிருந்தார்கள். அக்கா மட்டும் தரையில் பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். நான் எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மழச் சத்தத்துல நல்லாத் தூங்கட்டும்னு எழுப்பாமப் போயிட்டேன் மேடம்" என்றார். அவராகவே பேசினார். "வாய்க்கா வெட்டுனதாலதான் சரிஞ்சுதுன்னு சனம் பேசுது. வெட்டச் சொன்னது நான்தான். அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் விடாமப் புடிச்சு வெட்ட வச்சேன்."

"அது வாய்க்காலால இல்லீங்கக்கா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, "உங்க சட்டிக்கு முன்னயே தெரியுமா மேடம்?" என்று கேட்டார்.

"தெரியுமுங்க" என்றேன். "கல்லு உங்க ஊட்டுப் பக்கமா எறங்கிட்டு இருந்துச்சு. அளவுல வந்துச்சு. மொதல்ல நான் தப்பா வெச்சுட்டேன்னு நெனச்சேன். அப்புறம் கல்லுதான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் எங்க கணக்குக்கு வேண்டாம்னு எடுத்துப் போட்டுட்டேன். உங்ககிட்டச் சொல்லோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்கக்கா. கதவு முட்டுதுன்னு நீங்க சொன்னப்பக்கூடத் தோணலை."

"எப்பயிலருந்து?"

"மூணாவது வருசத்துல இருந்துங்க."

அக்கா வருடங்களை மழையை வைத்து எண்ணுபவர். மடியில் இருந்த கையை எடுத்து, ஒரு விரலை மடக்கினார். "அந்த வருச மழ." இன்னொரு விரலை மடக்கினார். "போன வருச மழ." மூன்றாவது விரலை மடக்கவில்லை. "ரெண்டு மழ எங்கள விட்டு வச்சிருக்கு" என்றார்.

அழுதது நான்தான். அக்கா அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. தேற்றியிருந்தால் நான் செத்திருப்பேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை.

"மேல் லயத்துல நாலு குடும்பம் ஸ்கூல் முகாம்ல இருந்து திரும்பி வந்திருச்சு" என்றார். "கோழி, ஆடெல்லாம் கெடக்குதுன்னு வந்துட்டாங்க. அங்க ரெண்டு கைப்புள்ளக்காரிக இருக்காங்க. அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?"

நான் சொல்லியிருக்கவில்லை. கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டே அந்த லயத்தைக் கடந்து வந்திருக்கிறேன். என் மனப் பாரத்தை இறக்கி வைக்கத்தான் நாற்பது நாள் கழித்து அத்தனை தூரம் வந்திருந்தேன்.

"இல்லீங்கக்கா" என்றேன்.

"அப்போ இங்க என்னாத்துக்கு உக்காந்திருக்கீங்க?" என்றார் அக்கா.